அச்சத்தின் வழியைத் தேடியவர்



உணர்ச்சி என்பது யாது? புலவர்களும் தத்துவ அறிஞர்களும் நெடுங்காலமாகக் கேட்டு வந்த வினா இது. நம் தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று தனி இயலே வகுத்து, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாகப் பிரித்துக் காட்டினார். உள்ளத்தில் எழுவது மெய்யிலே வெளிப்படுவதால் அதற்கு மெய்ப்பாடு என்று பெயர். உள்ளத்தில் நிகழ்வது ஒன்று. உடலில் தோன்றுவது ஒன்று. இவ்விரண்டும் எங்கே, எவ்வாறு இணைகின்றன? இந்த வினாவை எலும்பும் நரம்பும் உள்ள ஒரு சிற்றுயிரிடம் கேட்டு, விடையைப் படிப்படியாகப் பெற்ற அமெரிக்கப் பேராசிரியர் ஒருவரின் கல்விப் பயணத்தை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் ஜோசப் லெடூ. எட்டு மெய்ப்பாடுகளில் அவர் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. அது அச்சம்.

லெடூ 1949-ஆம் ஆண்டு அமெரிக்காவின் தெற்கே, லூசியானா மாநிலத்தில் யூனிஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் இறைச்சிக் கடை நடத்தியவர். கடையில் விற்பனைக்கு வரும் மாட்டு மூளையிலிருந்து துப்பாக்கிக் குண்டைத் துழாவி எடுத்துவிடுவது சிறுவனாக இருந்தபோது தமக்கு இடப்பட்ட வேலைகளில் ஒன்று என்று பிற்காலத்தில் அவரே கூறியிருக்கிறார். மூளையைக் கையால் தொட்டுப் பழகிய அந்தச் சிறுவன், அதனை ஆராயும் அறிஞனாக வேண்டும் என்று அப்போது நினைக்கவில்லை. லூசியானா மாநிலப் பல்கலைக் கழகத்தில் அவர் பயின்றது வாணிக இயல். பொருள்களைச் சந்தையில் விற்கும் முறைகளைப் பற்றிய அத்துறையிலேயே முதுகலைப் பட்டமும் பெற்றார்.

மக்கள் ஏன் ஒரு பொருளை விரும்பி வாங்குகிறார்கள் என்ற வினா அவரை உளநூலின் பக்கம் திருப்பியது. அங்கே இராபர்ட் தாம்சன் என்ற ஆசிரியர் கற்றலுக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பை எலிகளைக் கொண்டு ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் வகுப்பில் போய் அமர்ந்த வாணிக மாணவர், மூளை ஆராய்ச்சியையே தம் வாழ்க்கைத் தொழிலாகத் தேர்ந்துகொண்டார். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிகளில் பணியாற்றியவன். ‘தவறான பாடத்தை எடுத்துவிட்டேன், இனி என் வாழ்வு அவ்வளவுதான்’ என்று பதினேழு வயதில் சோர்ந்து போகும் பிள்ளைகளைப் பலமுறை கண்டிருக்கிறேன். அவர்களுக்கு இந்த ஒரு செய்தி போதும். ஒரு நல்ல வகுப்பும், அங்கே எழுந்த வினாவை விடாமல் பற்றிக்கொள்ளும் மனமும் இருந்தால், வழி பின்னரும் திறக்கும்.

பிறகு அவர் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக் கழகத்தை அடைந்து, மைக்கேல் கசானிகா என்ற அறிஞரிடம் ஆய்வு மாணவரானார். மனித மூளை வலம், இடம் என இரு பாதிகளாக அமைந்தது. அவ்விரண்டையும் இணைப்பது பெரியதொரு நரம்புக் கற்றை. கடுமையான காக்காய் வலிப்பு நோயால் துன்புறுவோர் சிலருக்கு, வேறு மருந்து பயன்படாத நிலையில், அக்கற்றையை மருத்துவர்கள் அறுத்துவிடுவது உண்டு. அத்தகைய நோயாளரை ஆராய்வதற்காக ஆசிரியரும் மாணவரும், வண்டியோடு இணைத்த ஒரு சிறு கூண்டறையையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டு வெர்மான்ட் மாநிலப் பகுதிக்குப் பன்முறை பயணம் செய்தார்கள்.

அவர்கள் கண்ட காட்சி வியப்பானது. ஓர் இளைஞனின் இடப்பாதி மூளைக்குக் கோழிக்காலின் படமும், வலப்பாதி மூளைக்குப் பனி மூடிய வீட்டின் படமும் ஒரே நேரத்தில் காட்டப்பட்டன. பொருத்தமான படத்தைச் சுட்டச் சொன்னபோது, வலக்கை கோழியைச் சுட்டியது. இடக்கை பனியை வாரும் மண்வாரியைச் சுட்டியது. காரணம் கேட்டார்கள். பேச வல்லது இடப்பாதி. அது பனியைக் கண்டதே இல்லை. ஆயினும் அது தயங்கவில்லை. கோழிக்காலுக்குக் கோழி பொருந்தும் என்றும், கோழிக் கொட்டிலைத் தூய்மை செய்ய மண்வாரி வேண்டும் என்றும் விடை கூறிவிட்டது! நாம் செய்துவிட்ட செயலுக்கு நம் மனம் பின்னர் ஒரு காரணத்தைக் கட்டி உரைக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மற்றொரு சோதனை லெடூவின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. வலப்பாதிக்கு மட்டும் ஒரு சொல்லைக் காட்டியபோது, அச்சொல் இன்னது என்று இடப்பாதியால் சொல்ல முடியவில்லை. ஆனால் அது நல்லதா, தீயதா என்பதைச் சரியாகச் சொன்னது. பொருள் தெரியாமலே அதன் சுவை மட்டும் எப்படியோ கடந்து வந்துவிட்டது. அறிவு செல்லும் பாதை வேறு, உணர்ச்சி செல்லும் பாதை வேறாக இருக்கலாமோ? இந்த ஐயமே அவருடைய பிற்கால ஆராய்ச்சி முழுவதற்கும் வித்து. 1977-இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து எழுதிய நூல் 1978-இல் வெளிவந்தது.

அக்காலத்தில் உளநூலார் பெரும்பாலும் நினைவு, மொழி, சிந்தனை ஆகியவற்றையே ஆராய்ந்து வந்தனர். உணர்ச்சி என்பது அளவிட இயலாதது, அறிவியலுக்கு ஒத்துவராதது என்ற எண்ணம் பரவியிருந்தது. லெடூ அதற்கு எளிய வழி ஒன்றைக் கண்டார். கார்னெல் பல்கலைக் கழக மருத்துவக் கல்லூரியில் டொனால்டு ரீஸ் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, ஓர் எலி, ஓர் ஒலி, மெல்லிய மின் அதிர்ச்சி ஆகிய மூன்றை மட்டும் கொண்டு வேலையைத் தொடங்கினார்.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பயின்றோர் அனைவரும் ரஷ்ய அறிஞர் பாவ்லாவின் நாயை அறிவர். மணி ஒலித்தபின் உணவு தரத் தர, மணியொலி கேட்ட அளவிலேயே நாய்க்கு வாயூறும். இதனை ஆக்கநிலையுறுத்தம் என்று உளநூல் கூறும். உணவுக்குப் பதிலாக அதிர்ச்சி தந்தால், ஒலியைக் கேட்ட அளவில் எலி அசைவற்று உறைந்து நிற்கும். அதன் இரத்த அழுத்தம் ஏறும். ஓரிரு முறை பட்டாலே போதும், அது மறப்பதில்லை. லெடூ கேட்ட வினா இதுதான்: காது வழியாகப் புகுந்த ஒலி, உடலை உறையச் செய்யும் இடத்தை மூளைக்குள் எவ்வழியே சென்று அடைகிறது?

காதில் புகும் ஒலி, மூளைத் தண்டையும் நடுமூளையையும் கடந்து, தலாமஸ் என்ற நிலையத்தை அடைந்து, அங்கிருந்து மூளையின் மேற்புறணிக்குச் செல்கிறது. மேற்புறணியே ஒலியைப் பகுத்து உணரும் இடம். அவ்விடத்தை அகற்றிவிட்டால் எலி அந்த ஒலிக்கு அஞ்சப் பழகாது என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் அகற்றிய பின்னும் எலி அஞ்சக் கற்றது. தலாமஸில் உள்ள ஒலி நிலையத்தை அழித்தபோதோ அது கற்கவில்லை. ஆகவே தலாமஸிலிருந்து மேற்புறணிக்குச் செல்லாமல் வேறெங்கோ பிரியும் குறுக்குவழி ஒன்று இருந்தே ஆக வேண்டும். நரம்பிழைகளின் வழியே பரவிச் சென்று தடங்காட்டும் ஒரு பொருளை அங்கே செலுத்தி, அது எங்கெங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்தார். அது சேர்ந்த இடங்களில் ஒன்று அமிக்டலா. கிரேக்க மொழியில் வாதுமைப் பருப்பைக் குறிக்கும் சொல் அது. வடிவமும் அப்படியே. இந்த ஆராய்ச்சிக் கட்டுரை 1984-இல் வெளிவந்தது.

தொடர்ந்து வந்த ஆண்டுகளில், தபால் எந்த அறைக்கு வருகிறது, எந்த அறையிலிருந்து எந்தக் கட்டளை புறப்படுகிறது என்று ஒரு அலுவலகத்தின் நடைமுறையைக் கண்டறிவதுபோல, அமிக்டலாவின் உட்பகுதிகளை அவரும் அவர் குழுவினரும் வரைந்து காட்டினர். செய்தி வந்து சேர்வது பக்கப் பகுதியில்; கட்டளை செல்வது நடுப்பகுதியிலிருந்து. ஒரு கிளை உடலை உறைய வைக்கிறது. மற்றொரு கிளை இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது. எலியின் மூளையில் ஒலி இந்தக் குறுக்குவழியாக அமிக்டலாவை அடைய ஏறக்குறைய ஒரு நொடியின் ஆயிரத்தில் 12 பங்கே ஆகிறது. மேற்புறணி வழியாகச் சுற்றிச் சென்றால் அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு ஆகும்.

இதன் பயன் என்ன? அந்தி மங்கலில் வரப்பின்மேல் நடந்து செல்கிறீர்கள். காலடியில் வளைந்து கிடக்கிறது ஏதோ ஒன்று. ‘பாம்பு’ என்று நினைப்பதற்கு முன்பே கால் பின்வாங்கிவிடுகிறது, நெஞ்சு படபடக்கிறது. மறுகணம் அது கயிறு என்று தெரிகிறது. குறுக்குவழி விரைவானது, ஆனால் பருமட்டாகவே பார்ப்பது. சுற்றுவழி தாமதமானது, ஆனால் தெளிவானது. கயிற்றைப் பாம்பென்று கருதித் துள்ளியவனுக்கு நட்டம் சிறிது. பாம்பைக் கயிறென்று கருதி மிதித்தவனுக்கோ உயிரே நட்டம். ஆகவே இயற்கை முதலில் துள்ளச் செய்து, பிறகு ஆராயச் செய்கிறது.

1989-இல் லெடூ நியூயார்க் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். பல பத்தாண்டுகள் அவர் பணி அங்கேயே நிகழ்ந்தது. பொதுமக்களுக்காக அவர் எழுதிய ‘உணர்ச்சி மூளை’ என்னும் பொருள்படும் நூல் 1996-இல் வெளிவந்து, அவர் பெயரை உலகெங்கும் பரப்பியது. மனிதரிடத்தும் இவ்வுண்மை பொருந்துகிறதா என்பது எலிசபெத் ஃபெல்ப்ஸ் முதலியோருடன் சேர்ந்து ஆராயப்பட்டது. மூளையின் அப்பகுதியை அறுவை மருத்துவத்தில் இழந்தவர்களிடம் இத்தகைய அச்சக் கற்றல் குன்றியிருப்பதை 1995-இல் வெளியிட்டனர்.

2000-ஆம் ஆண்டு கரீம் நாடெர், கிளென் ஷாஃபே என்ற இளம் ஆய்வாளர்களோடு சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரை நினைவாற்றலைப் பற்றிய கருத்தையே அசைத்தது. ஒருமுறை பதிந்த நினைவு கல்வெட்டுப் போல நிலைத்துவிடும் என்பது அதுவரை பலர் கொண்ட எண்ணம். அஞ்சப் பழகிய எலிக்கு மறுநாள் ஒலியை மட்டும் கேட்கச் செய்து, உடனே புதிய புரதம் உண்டாவதைத் தடுக்கும் மருந்தை அமிக்டலாவில் செலுத்தினர். அடுத்த நாள் அதன் அச்சம் பெரிதும் குறைந்திருந்தது. ஒலியை நினைவூட்டாமல் மருந்தை மட்டும் தந்தபோது யாதொரு மாறுதலும் இல்லை. நினைவை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அது இளகுகிறது. மீண்டும் இறுகிப் பதிய வேண்டியிருக்கிறது என்பதை இது காட்டிற்று. இக்கருத்தின் சாயல் 1960-களின் ஆராய்ச்சியிலேயே தோன்றியதுண்டு. ஆனால் மூளையின் இன்ன இடத்தில் என்று சுட்டிக் காட்டியமையால் இது அறிஞர்களின் கவனத்தை ஈர்த்தது.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதில் அறிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அஞ்சப் பழகிய எலிக்கு, அதிர்ச்சி இல்லாமல் ஒலியை மட்டும் மீண்டும் மீண்டும் கேட்கச் செய்தால் அச்சம் மெல்ல அடங்கும். ஆனால் பழைய நினைவு அழிந்துவிடுவதில்லை. நெற்றிப் பக்கத்து மூளை அதனை அடக்கி வைக்கிறது. இடம் மாறினாலோ, வேறு துன்பம் நேர்ந்தாலோ அடங்கிய அச்சம் மீண்டும் தலைதூக்கும். தன் இடத்தில் அமர்ந்து பிழையின்றிக் கணக்குப் போடும் பிள்ளை, கரும்பலகை முன் நின்றவுடன் கை நடுங்கி நிற்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவனுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. என்றோ ஒருநாள் அந்த இடத்தில் பெற்ற ஏளனமோ அடியோ அவன் உடலில் பதிந்திருக்கிறது. ஒரு நொடியில் கற்பித்த அச்சத்தை நீக்க ஓராண்டும் போதாமற் போகலாம். பிரம்பு விரைவில் கற்பிக்கிறது என்பது உண்மைதான்; ஆனால் அது கற்பிப்பது கணக்கை அன்று.

அச்சத்திலிருந்து மீளும் வழியையும் அவருடைய ஆய்வு சுட்டியது. ஒலி கேட்டதும் உறைந்து நிற்கும் எலிக்கு, ஒரு செயலைச் செய்தால் ஒலி நின்றுவிடும் என்ற வாய்ப்பைத் தந்தனர். அது அச்செயலைக் கற்றுக்கொண்டது. அப்போது செய்தி அமிக்டலாவிலிருந்து உறைய வைக்கும் நடுப்பகுதிக்குச் செல்லாமல், செயலுக்குத் தூண்டும் வேறொரு பகுதிக்குத் திரும்புவது கண்டறியப்பட்டது. இதுவும் 2000-ஆம் ஆண்டின் வெளியீடே. தேர்வுக்கு அஞ்சும் மாணவன் புத்தகத்தை மூடிவைத்து அச்சத்தையே எண்ணிக்கொண்டிருந்தால் உறைந்தே நிற்பான். ஒரு வினாவை எடுத்து எழுதத் தொடங்கினால், அச்சம் செயலாக மாறக்கூடும். இது எலி தரும் பாடத்திலிருந்து நான் உய்த்துணர்வதே. எனினும் வகுப்பறையில் கண்டதற்கு அது மாறுபடவில்லை.

இனி நான் சொல்லப் போவதே இப்பேராசிரியரை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம். அவருடைய புகழ் உயர உயர, ‘அமிக்டலாவே அச்சத்தின் இருப்பிடம்’ என்ற சொற்றொடர் நூல்களிலும் பத்திரிகைகளிலும் பரவிற்று. அந்தப் புகழின் மேலேயே அவர் காலத்தைக் கழித்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. 2012 முதல் எழுதிய கட்டுரைகளிலும், 2015-இல் வெளிவந்த பதற்றத்தைப் பற்றிய நூலிலும், அந்தச் சொற்றொடர் தவறான எண்ணத்தைத் தருகிறது என்று அவரே முன்வந்து எழுதினார். எலியிடத்தில் தாம் அளந்தது உறைதலும் இரத்த அழுத்தமுமே. ஆபத்தைக் கண்டு உடலைக் காக்கும் அமைப்பு அது. ‘நான் அஞ்சுகிறேன்’ என்று உள்ளே உணரும் அனுபவம் வேறு. அது பெரும்பாலும் மேற்புறணியின் பணியால் விளைவது. இரண்டுக்கும் அச்சம் என்ற ஒரே பெயரைத் தாமும் வழங்கிவிட்டமையால் குழப்பம் நேர்ந்தது என்றார். தாம் பல்லாண்டு ஆண்ட ‘அச்ச ஆக்கநிலையுறுத்தம்’ என்ற கலைச்சொல்லைக் கைவிட்டு, ‘ஆபத்து ஆக்கநிலையுறுத்தம்’ என்று பொருள்படும் சொல்லை வழங்கலானார்.

இது வெறும் சொற்போர் என்று எண்ண வேண்டாம். பதற்ற நோய்க்கு மருந்து தேடுவோர் எலியின் நடத்தை மாறுகிறதா என்றே பார்க்கின்றனர். எலி துணிந்து நடமாடச் செய்யும் மருந்து, நோயாளியின் உள்ளத்திலுள்ள அச்சத்தையும் நீக்கும் என்பது உறுதியன்று. உடல் அமைதியுற்றும் உள்ளம் அமைதியுறாமல் வருந்துவோர் உண்டு. சொல் பிழைத்தால் மருந்தும் பிழைக்கும். 2013-இல் வேறு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு செய்தியும் இங்கே கருதத்தக்கது. இருபுற அமிக்டலாவும் சிதைந்த மூவர், கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசித்தபோது கடும் பீதிக்கு ஆளானார்கள். அமிக்டலா இல்லாமலும் மனிதன் அஞ்சுகிறான் என்றாயிற்று.

லெடூவின் புதிய கருத்தை எல்லாரும் ஏற்றுக்கொண்டனர் என்று நான் சொல்லவில்லை. விலங்குகளுக்கும் உள்ளுணர்வாகிய அனுபவம் உண்டு, அதற்கு மூளையின் ஆழ்பகுதிகளே போதும் என்று 2017-இல் மறைந்த ஜாக் பாங்க்செப் என்னும் அறிஞர் வாழ்நாள் முழுவதும் வாதிட்டார். அவர் வழி நிற்போர் பலர் உள்ளனர். வழக்கு இன்னும் தீரவில்லை. அறிவியலில் வழக்குத் தீராமல் இருப்பது குறையன்று. உங்களைப் போன்றோருக்கு வேலை மிச்சம் இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

இவ்வளவு கடும் உழைப்புக்கிடையே அவர் இசையையும் விடவில்லை. 2006-இல் தம்மொத்த அறிவியலாளர் சிலரோடு சேர்ந்து, அமிக்டலாவின் பெயரையே தழுவி ஓர் இசைக்குழுவை அமைத்து, மனத்தையும் மூளையையும் பற்றிய பாடல்களைக் கிதார் இசைத்துப் பாடினார். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் 2013-இல் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

மாணவ நண்பர்களே! வாணிகம் பயின்றவர் மூளையை ஆராய்ந்தார். பெரிய வினாவைக் கேட்டு, அதற்குச் சிறிய சோதனையை அமைத்தார். ஒரு நரம்பின் பாதையைப் பின்பற்றிப் பல்லாண்டுகள் பொறுமையாக நடந்தார். உலகம் தம் சொல்லைப் பாராட்டிக்கொண்டிருந்த வேளையிலேயே, அச்சொல் உண்மைக்குச் சற்றே கோணலாக இருக்கிறது என்று கண்டு அதனைத் திருத்தினார். உள்ளத்தில் எழுவதும் மெய்யில் தோன்றுவதும் ஒன்றல்ல, ஆனால் தொடர்புடையவை என்பதை நம் முன்னோர் மெய்ப்பாடு என்ற சொல்லிலேயே குறித்து வைத்தனர். அத்தொடர்பின் வழியைக் கண்டறியும் பணி இன்னும் முடியவில்லை. உங்கள் கை நடுங்கும்போதும் நெஞ்சு படபடக்கும்போதும், அது கோழைத்தனம் என்று வெட்க வேண்டாம். உங்களைக் காக்க ஓடி வந்த பழைய காவலன் அவன். சற்றுப் பொறுத்து, கிடப்பது பாம்பா கயிறா என்று பார்த்து, அடுத்த அடியை எடுத்து வையுங்கள். அந்தப் பார்வைக்குப் பெயர்தான் கல்வி.